கூட்டுத்தொகை சரி; கூற்றும் மெய்தானோ?

காணியொன்றை விலைக்கு வாங்க முனையும் ஒருவர், விற்பவர் நீட்டும் உறுதியைக் கண்ட மாத்திரத்தே பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவதில்லை. நொத்தாரிசிடம் அதனைக் கொண்டுசெல்கின்றார். நொத்தாரிசு முதலிலே தாள்களை எண்ணுவார்; இலக்கம், திகதி, முத்திரை, கையொப்பம் என்பன உரிய இடங்களிலே இருக்கின்றனவா என்று பார்ப்பார். அடுத்து, காணிப் பதிவகத்து ஏட்டிலே அதே காணியைப்பற்றி என்ன எழுதப்பட்டிருக்கின்றது என்று தேடுவிப்பார். இவ்விரண்டும் ஒத்திருந்தாலும் அனுபவமுள்ளவர் அத்துடன் நின்றுவிடுவதில்லை. நில அளவையாளரை அழைத்துச்சென்று, வடக்கே கிணறு என்று உறுதி கூறுமிடத்திலே கிணறுதான் உண்டோ, வெறுந்தரைதான் உண்டோ என்று நேரிற் பார்த்துவிடுவார். தாளிலே எழுதியது ஒன்று, தரையிலே கிடப்பது வேறொன்று என்பதை வழக்குமன்றங்கள் நெடுங்காலமாக அறியும்.

இத்தகைய சோதனையொன்று ஒவ்வொரு கணினியினுள்ளும், அதன் ஆளி அழுத்தப்படுந்தோறும், திரையிலே வரவேற்புப் படம் தோன்றி முடிவதற்குள் நடைபெறுகின்றது என்பது பலரும் அறியாத செய்தி. அங்கே உறுதியை நீட்டுவது, தாய்ப்பலகையிலுள்ள ஒரு சிறு சில்லிலே பதிக்கப்பட்டிருக்கும் நிலைபொருள். அதனைக் கையேற்பது, லினக்ஸ், விண்டோஸ் போன்ற பணிசெயல் முறைமைகளின் உள்ளீடாக விளங்கும் கேர்னல் என்னும் கருநிரல். நிலைபொருள் கொடுக்கும் பத்திரங்களுக்கு அட்டவணைகள் என்று பெயர். அவ்வட்டவணைகளைக் கேர்னல் எவ்வாறு சோதிக்கின்றது, எவ்வளவு தூரம் நம்புகின்றது, நம்பத்தகாதவை என்று கண்டவிடத்து யாது செய்கின்றது என்பனவே இங்கு ஆராயப்படும் பொருள்.

இத்தகைய பத்திரங்கள் வேண்டப்படுவது எதனால் என்று முதலிற் கேட்டல் தகும். ஒரே லினக்ஸ் கேர்னல், மடியிலே வைக்கத்தக்க சிறு கணினியிலும் இயங்குகின்றது. பெருங்கட்டடமொன்றினுள் அடுக்கடுக்காக நிறுத்தப்பட்ட வழங்கிக் கணினிகளிலும் இயங்குகின்றது. அதனை எழுதியோர் அவ்வியந்திரங்களுட் பெரும்பாலானவற்றைக் கண்ணாலும் கண்டதில்லை. இந்தக் கணினியிலே மத்திய முறைவழி அலகுகள் எத்தனை, விசைப்பலகையிலிருந்து வரும் இடையீட்டுச் சைகை எந்த வழியால் வந்து சேரும், மூடியை மூடினால் எந்த வாயிலிலே செய்தி தெரியும், மின்கலத்தின் நிலையை எங்கே கேட்டறியலாம் என்பன போன்ற விவரங்களைக் கேர்னல் தானாகவே ஊகித்தறிதல் இயலாது. இயந்திரத்தை ஆக்கியவரே அவற்றை எழுதிவைத்தல் வேண்டும்.

அவ்வாறு எழுதிவைப்பதற்கு ஒரு பொதுவிதி 1996ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே வெளியிடப்பட்டது. இன்ரெல், மைக்ரோசொஃப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து அதனை வகுத்தன. கணினியின் அமைப்பையும் மின்வலுவையும்பற்றிய இடைமுகம் என்னும் பொருள்பட ஆங்கிலத்திலே அமைந்த அதன் பெயர் ஏ.சி.பி.ஐ. என்று சுருக்கி வழங்கப்படுகின்றது. 2013ஆம் ஆண்டு முதல், நிலைபொருள் விதிகளை வகுக்கும் யூ.ஈ.எஃப்.ஐ. மன்றம் அதனைப் பேணிவருகின்றது. அட்டவணைகள் எவை, ஒவ்வொன்றின் அமைப்பு எத்தகையது, ஒவ்வொரு பைற்றின் பொருள் யாது என்பவற்றையெல்லாம் அவ்விதிநூல் விரித்துரைக்கின்றது. விதி தெளிவானதே. ஆயின், விதிப்படி எழுதுவோரும் மனிதர்கள்தாமே!

பழைய முறையிலான கணினிகளில், அட்டவணைகள் எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன என்பதைக்கூடக் கேர்னல் தேடியே கண்டுபிடித்தல் வேண்டும். நினைவகத்தின் முதல் ஒரு மெகாபைற்றினுள், அதன் இறுதியிலுள்ள 128 கிலோபைற்றுப் பகுதி அத்தேடலுக்குரிய இடங்களுள் ஒன்று. பதினாறு பைற்றுக்கு ஒரு படியாகச் சென்றால் அங்கே 8192 இடங்கள் உள. ஒவ்வோரிடத்திலும் நின்று, எட்டு எழுத்துக்களாலான ஒரு குறிச்சொல் காணப்படுகின்றதா என்று பார்த்துச் செல்லவேண்டும். குறிச்சொல் அகப்பட்டாலும் வேலை முடிந்துவிடவில்லை. நினைவகமென்பது பழைய பாத்திரங்கள் கழுவாது கிடக்கும் அடுக்களை போன்றது. முன்னர் வேறெதற்கோ எழுதப்பட்ட அதே எட்டு எழுத்துக்கள் தற்செயலாக அங்கே எஞ்சிக் கிடத்தலும் கூடும். ஆகவே அவ்விடத்திலிருந்து இருபது பைற்றுகளைக் கூட்டிப்பார்த்து, கூட்டுத்தொகை ஒத்துவந்தாலன்றிக் கேர்னல் அதனை ஏற்பதில்லை. ஒத்துவராவிடின் அடுத்த படிக்குச் செல்லும். புதிய கணினிகளில் நிலைபொருளே அம்முகவரியை நேராகக் கேர்னலிடம் கையளித்துவிடுகின்றது. தேடும் உழைப்புக் குறைந்தது. சோதிக்கும் கடமை குறையவில்லை.

இவ்வாறு கண்டெடுத்த பத்திரம், மற்றை அட்டவணைகளின் முகவரிகளைக் கொண்ட ஒரு பெயர்ப்பட்டியலைச் சுட்டும். அப்பட்டியலைக்கொண்டு ஒவ்வோர் அட்டவணையாகச் சென்றடையலாம். பெரும்பாலும் எல்லா அட்டவணைகளுக்கும் தலைப்பு ஒரே வகையானது. அதன் நீளம் 36 பைற்றுகள். முதல் நான்கு பைற்றுகளிலே அட்டவணையின் பெயரெழுத்துக்கள். அடுத்த நான்கிலே அதன் முழு நீளம். அடுத்த ஒன்றிலே திருத்தப் பதிப்பின் இலக்கம். அதனையடுத்த ஒன்றிலே சரிபார்ப்புப் பைற்று. எஞ்சியவை, ஆக்கிய நிறுவனத்தின் பெயரும் ஆக்க உதவிய கருவியின் பெயரும் போன்றவை. உறுதியொன்றின் முதற்றாளிலே இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் இருப்பதுபோலவே இதுவும்.

சரிபார்ப்புப் பைற்றின் தத்துவம் மிக எளிது. அட்டவணையிலுள்ள எல்லாப் பைற்றுகளையும் ஒன்றாகக் கூட்டினால், அத்தொகை 256ஆல் மீதியின்றி வகுபடுதல் வேண்டும். அவ்வாறு வகுபடுமாறு ஒரு பைற்றை மட்டும் பொருத்தமாக எழுதிவைப்பது ஆக்கியோன் கடமை. எடுத்துக்காட்டாக, கணினியின் மின்வலுக் கட்டுப்பாட்டு வாயில்களைக் கூறும் அட்டவணையின் பெயரெழுத்துக்கள் எஃப், ஏ, சி, பி என்பன. கணினி வழக்கிலே அவை 70, 65, 67, 80 என்னும் எண்களாகும். அவற்றின் கூட்டுத்தொகை 282. இந்நான்கு பைற்றுகளே ஒரு முழு அட்டவணை என்று வைத்துக்கொண்டால், 230 என்ற எண்ணைச் சரிபார்ப்புப் பைற்றாகச் சேர்த்துவிட்டால் மொத்தம் 512 ஆகிவிடும். 512 என்பது 256இன் இருமடங்கு. ஆதலின் கணக்குச் சரி. இடையிலே யாதாயினும் ஒரு பைற்று மாறிவிடின், கணக்குப் பிசகிவிடும்; பிழையும் புலப்பட்டுவிடும்.

ஆயின், இந்தச் சோதனையின் எல்லை எது என்பதையும் அறிந்துகொள்ளல் வேண்டும். மேற்கூறிய நான்கெழுத்துக்களில் இரண்டாவதையும் மூன்றாவதையும் இடம்மாற்றி எழுதினால் சொல் வேறாகிவிடும், கூட்டுத்தொகையோ மாறாது. முற்றிலும் தாறுமாறாகச் சிதைந்த ஒரு பத்திரங்கூட, 256 தடவைகளுக்கு ஒரு தடவை என்ற அளவிலே தற்செயலாகச் சோதனையிற் சித்தியடைந்துவிடும். எல்லாவற்றினும் வியப்பானது வேறொன்று: எதுவும் எழுதப்படாது முழுவதும் சுழியங்களாலேயே நிரம்பிய வெற்றிடமும் இச்சோதனையிலே தேறிவிடுகின்றது! சுழியங்களைக் கூட்டினால் சுழியந்தானே வரும். ஆகவேதான் பெயரெழுத்தும் கூட்டுத்தொகையும் இரண்டுஞ் சேர்ந்தே பார்க்கப்படுகின்றன. ஒன்று விட்ட ஓட்டையை மற்றது அடைக்கின்றது.

சோதனைகளின் வரிசையிலும் ஒரு நுட்பம் உண்டு. கூட்டிப்பார்ப்பதற்கு எத்தனை பைற்றுகளைக் கூட்டவேண்டும் என்பது தெரிந்திருத்தல் வேண்டும். அத்தொகையோ, இன்னமும் சோதிக்கப்படாத அதே அட்டவணையின் நீளப் புலத்திலேதான் எழுதப்பட்டிருக்கின்றது. நீளம் பத்து என்று எழுதியிருந்தால், தலைப்பே 36 பைற்றுகளாயிருக்கும்போது அது நடவாத காரியம். நீளம் பல கோடி என்று எழுதியிருந்தால், அதனை நம்பிக் கூட்டப்புகும் கேர்னல் அட்டவணையைக் கடந்து, தனக்குரித்தல்லாத இடங்களையெல்லாம் வாசித்துக்கொண்டு போகும். ஆதலின், நீளம் தலைப்பின் அளவிலுங் குறையாதிருக்கின்றதா என்பது முதலிலே பார்க்கப்படுகின்றது, அதன்பின்னரே கூட்டல். சோதிக்கப்புகுமுன் சோதனைக்குரிய அளவுகோலைச் சோதித்துக்கொள்ளவேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் பாடம்.

தலைப்பைக் கடந்து உள்ளே நுழைந்தால், அங்கும் அளவுகோல்களே எதிர்ப்படுகின்றன. முறைவழி அலகுகளையும் இடையீட்டுச் சைகைகளையும்பற்றிய அட்டவணையிலே, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு வீதம் பல சிறு பதிவுகள் தொடர்ந்து வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் அதன் வகையும் நீளமும் எழுதப்பட்டிருக்கும். ஒரு பதிவை வாசித்து முடித்தபின், அதன் நீளத்தைக் கூட்டிக்கொண்டால் அடுத்த பதிவின் தொடக்கம் கிடைத்துவிடும். மிக வசதியான ஏற்பாடுதான். ஆனால் ஒரு பதிவின் நீளம் சுழியம் என்று பிழையாக எழுதப்பட்டிருந்தால் நேர்வது என்ன? கேர்னல் அடுத்த பதிவுக்குச் செல்ல எண்ணி, சுழியத்தைக் கூட்டி, அதே பதிவிலேயே மறுபடியும் வந்து நிற்கும். செக்கைச் சுற்றும் மாடுபோல இடம்பெயராது சுற்றிக்கொண்டேயிருக்கும். கணினி எழும்பாது; பிழை இன்னதென்று கூறுவாருமிலர். இதனாலேயே லினக்ஸ் கேர்னல், நீளம் சுழியமாயிருக்கும் பதிவைக் கண்டதும் வாசிப்பை நிறுத்தி, அச்செய்தியைத் தன் குறிப்பேட்டிலே எழுதிவிடுகின்றது. பதிவின் முடிவு அட்டவணையின் முடிவைக் கடந்து போகின்றதா என்றும், அதன் நீளம் அவ்வகைப் பதிவுக்குரிய அளவிற் குறைந்ததா என்றும் வேறு இரு கேள்விகளையும் அது கேட்கின்றது.

நீளம் குறையலாகாது என்றால், நீளம் சரியாக அவ்வளவே இருத்தல்வேண்டும் என்று கட்டளையிட்டுவிட்டால் என்ன? அதிலும் ஒரு சிக்கல் உண்டு. விதிநூல் வளர்ந்துகொண்டே செல்வது. ஆம் என்னும் வகை முறைவழி அலகைக் குறிக்கும் பதிவு, விதிநூலின் 5.1ஆம் பதிப்பிலே 76 பைற்றுகள் கொண்டதாயிருந்தது. 2015ஆம் ஆண்டு வெளிவந்த 6.0ஆம் பதிப்பிலே 80 பைற்றுகளாக நீண்டது. ஒரே நீளத்தைத்தான் ஏற்பேன் என்று பிடிவாதமாக நிற்கும் கேர்னல், இரண்டுவகை நேர்மையான பத்திரங்களுள் ஒருவகையைப் பொய்ப்பத்திரமென்று தள்ளிவிடும். ஆகவே லினக்ஸ், முதலிலே கணினி விதிநூலின் எப்பதிப்பைத் தழுவியது என்று இன்னோர் அட்டவணையிலே பார்த்து, அதற்கேற்ற நீளத்தைக் கொண்டே இப்பதிவை மதிப்பிடக் கற்றுக்கொண்டது. எழுதப்பட்ட காலத்துச் சட்டத்தைக்கொண்டே உறுதி மதிப்பிடப்படும் என்பது நீதிமன்றத்துக்கும் பழக்கமான முறை.

இதுவரை கூறியவை பத்திரத்தின் உருவத்தைப்பற்றியவை. அடுத்த படி, வேறு சாட்சிகளோடு ஒப்பிடுதல். விரிவாக்க அட்டைகளின் அமைப்பு விவரங்களை நினைவகத்தின் இன்ன பகுதியினூடாக வாசிக்கலாம் என்று ஓர் அட்டவணை கூறும். அதே நிலைபொருள், நினைவகத்தின் எப்பகுதி எவருக்கு உரியது என்று காட்டும் ஒரு வரைபடத்தையும் வேறாகத் தந்திருக்கும். அட்டவணை சுட்டும் பகுதி வரைபடத்திலும் ஒதுக்கப்பட்டதாக இருக்கின்றதா? அல்லது தாய்ப்பலகைக்குரிய உடைமைகளின் பட்டியலிலாவது காணப்படுகின்றதா? இரண்டிலும் இல்லையெனின் லினக்ஸ் அட்டவணையின் பேச்சைக் கேளாது, அந்த வழியைக் கைவிட்டுப் பழைய வழியாலேயே அட்டைகளை அணுகுகின்றது. அவ்வாறே, எந்த நினைவகம் எந்த முறைவழி அலகுக்கு அண்மையிலுள்ளது என்று கூறும் அட்டவணை, உண்மையிலே கணினியிலுள்ள நினைவகம் முழுவதையும் அடக்கவில்லையெனின், குறைக்கணக்கென்று அது விலக்கப்படுகின்றது.

மூன்றாவது படி, கூற்று பொருளுடையதா என்று ஆராய்தல். இங்கேதான் விடயம் மிகச் சுவையானது. பெரிய கணினிகளிலே, ஒரு கூறிலிருந்து இன்னொரு கூறின் நினைவகம் எவ்வளவு தொலைவு என்பதைச் சொல்லும் அட்டவணையொன்று உண்டு. தன்னிலிருந்து தனக்குள்ள தொலைவு 10 என்று குறிக்கப்படல் வேண்டுமென்பது விதி. பிறகூறுகளுக்குள்ள தொலைவு 10இலும் மிகுந்ததாயிருத்தல் வேண்டும். அயல்வீடு தன் வீட்டிலும் அண்மையிலிருக்கின்றது என்று ஓர் அட்டவணை கூறினால், அதன் கூட்டுத்தொகை எவ்வளவு சரியாயிருந்தாலும் அக்கூற்று மெய்யாகாது. அத்தகைய அட்டவணையை முழுவதுமாக ஒதுக்கிவிட்டு, தனக்கு 10, பிறருக்கு 20 என்ற தன் சொந்தக் கணக்கைக் கேர்னல் வைத்துக்கொள்கின்றது.

வெப்பநிலையைப்பற்றிய எடுத்துக்காட்டு இன்னுந் தெளிவானது. கணினி எத்தனை பாகை சூடேறினால் உடனே நிறுத்தப்படல் வேண்டும் என்ற எண்ணை நிலைபொருள் கூறும். அவ்வெண், தனிச்சுழியத்திலிருந்து கணக்கிடப்படும் கெல்வின் அளவையிலே, பத்திலொரு பங்கை அலகாகக் கொண்டது. அவ்வளவையிலே நீர் உறையும் நிலை 2732. சில நிலைபொருள்கள் அதனிலுங் குறைந்த எண்களைக் கூறியதுண்டு. அதனை நம்பினால், நீர் பனிக்கட்டியாகும் குளிரைத் தாண்டியவுடனேயே கணினி அபாயச் சூட்டை அடைந்துவிட்டதாகக் கருதப்படும். அஃதாவது, எழும்பியவுடனேயே தன்னைத்தான் அணைத்துக்கொள்ளும். எனவே லினக்ஸ் அவ்வெல்லைக்குக் கீழ்ப்பட்ட எண்ணை ஏற்க மறுக்கின்றது. அதே வேளையில், உண்மையான எல்லையை முற்றாகப் புறக்கணித்தால் சில்லு வெந்துபோதலும் கூடும். நம்பினாலும் ஆபத்து, நம்பாவிடினும் ஆபத்து என்ற இடம் இதுவே.

இறுதியாக, நேரிற் சென்று பார்த்தல். கணினியோடு இணைக்கப்பட்ட கருவிகள் நினைவகத்திலே தமக்கு அனுமதிக்கப்படாத பகுதிகளைத் தீண்டாவண்ணம் காக்கும் ஒரு காவற்கருவி இக்காலக் கணினிகளிலே உண்டு. அது எங்கேயிருக்கின்றது என்று கூறும் அட்டவணையிலே, முகவரி சுழியம் என்று எழுதப்பட்ட கணினிகள் விற்பனைக்கு வந்திருக்கின்றன. சுழிய முகவரியிலே அக்கருவி இருக்கவியலாது. வேறு சில கணினிகளில் முகவரி பொருத்தமானதுபோற் காணப்படும். ஆயின் அங்கே சென்று வாசித்தால் எல்லாப் பிற்றுகளும் ஒன்று என்றே விடை வரும். வெறுங்கிணற்றிலே கூவினால் எதிரொலி வருவதுபோல, அவ்விடத்திலே கருவியெதுவும் இல்லை என்பதற்கு அது அடையாளம். இவ்விரு நிலைமைகளையுங் கண்டால் லினக்ஸ், இக்கணினியின் நிலைபொருள் பழுதானது என்று ஒளிவுமறைவின்றிக் குறிப்பேட்டிலே எழுதிவிடுகின்றது. தாளைப் பார்த்தது போதாதென்று தரையைப் பார்த்த நில அளவையாளரின் செயலே இது.

பிழை கண்டபின்னர் யாது செய்வது? இதுவே இச்சோதனையின் மிகக் கடினமான பகுதி. பிழையுள்ள பத்திரத்தை நீட்டும் காணிக்காரரை, வேறிடம் பாரும் என்று அனுப்பிவிடலாம். கேர்னலுக்கு அந்த வசதி இல்லை. அது நிற்பதே அந்தக் காணியின்மேலேதான். ஓர் அட்டவணையிலே ஒரு பைற்றுப் பிசகியதென்று கணினியை எழும்பவிடாது நிறுத்திவிட்டால், தண்டம் அனுபவிப்பவர் பிழைவிட்ட ஆக்குநரல்லர். சேமித்த பணத்தைக் கொடுத்துக் கணினியை வாங்கிய மாணவரும், அலுவலகத்து எழுதுவினைஞரும், சிறு வணிகருமே. இதனாலே, முதற்பத்திரத்தின் கூட்டுத்தொகை பிசகினால் அதனைத் தள்ளும் லினக்ஸ், மற்றை அட்டவணைகளின் கூட்டுத்தொகை பிசகினால் பெரும்பாலும் ஓர் எச்சரிக்கையை எழுதிவிட்டு வாசிப்பைத் தொடர்கின்றது. அட்டவணைகளைக் கையாளுதற்கு அதனுள் அமைந்த நிரற்றொகுதியும், சிறு விதிமீறல்களைப் பொறுத்துக்கொள்ளும் தளர்ந்த முறையிலேயே இயல்பாக இயங்கும். கண்டிப்பு வேண்டுமென்று கருதுவோர், எழும்பும் வேளையிலே அதற்குரிய கட்டளையைத் தனியாகக் கொடுத்தல் வேண்டும்.

பிழைகள் இத்துணை மலிந்திருப்பதற்கு ஒரு காரணம் தெளிவானது. தாய்ப்பலகையை ஆக்குவோர் பலர், அதனை விண்டோஸ் முறைமையிலே இயக்கிப்பார்த்து, இயங்கினால் போதுமென்று விற்பனைக்கு அனுப்பிவிடுகின்றனர். விதிநூலோடு பொருந்துகின்றதா என்ற சோதனை பின்தள்ளப்படுகின்றது. நிலைபொருளே கேர்னலை நோக்கி, நீர் இன்ன பதிப்பு விண்டோஸ்தானோ என்று கேட்பதற்கு விதிநூலிலே வழியுண்டு. லினக்ஸ் அக்கேள்விக்கு ஆம் என்றே விடையளிக்கின்றது! இது பொய்யென்று தோன்றலாம். ஆயின் இல்லையென்று கூறினால், எவராலும் சோதித்துப் பார்க்கப்படாத வேறொரு வழியிலே நிலைபொருள் நடக்கத் தொடங்கிவிடும். பலரும் நடந்து பதிந்த ஒற்றையடிப்பாதையே பாதுகாப்பானது என்ற அனுபவம் அவ்விடையின் பின்னே இருக்கின்றது.

இனி, அட்டவணைகளுள் ஒருவகை வெறும் எண்களால் ஆனவையல்ல; கட்டளைகளால் ஆனவை. மின்கலத்தின் நிலையை அறிய இன்ன வாயிலை வாசி, மூடி மூடப்பட்டால் இன்ன பைற்றை எழுது என்றவாறு நிலைபொருளாளர் எழுதிய சிறு நிரல்கள் அங்கே உள. அவற்றைக் கேர்னலுக்குள்ளேயே அமைந்த ஒரு வாசிப்பு நிரல் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றுகின்றது. அஃதாவது, பிறர் எழுதிய கட்டளையைக் கேர்னல் தன் முழு அதிகாரத்தோடும் நடத்திக்கொடுக்கின்றது. முடிவில்லாது சுழலும் கட்டளையொன்று அதிலிருந்தால் கணினி அதிலேயே சிக்கிக்கொள்ளாதபடி, 30 வினாடிக்கு மேற்பட்ட சுழற்சியை வாசிப்பு நிரல் இடைநிறுத்துகின்றது. தவறுதலாக எழுதப்பட்ட கட்டளைக்கு இது காப்பு. வேண்டுமென்றே தீங்கு நினைத்து எழுதப்பட்டதற்கு?

அந்தக் கேள்வியை 2006ஆம் ஆண்டிலே ஜோன் ஹீஸ்மன் என்னும் பாதுகாப்பு ஆய்வாளர் பலரறிய எழுப்பினார். இவ்வட்டவணைகளின் கட்டளைகளுக்குள்ளே தீய நிரலை ஒளித்துவைத்தல் கூடுமென்றும், பணிசெயல் முறைமையை அழித்து மறுபடி நிறுவினாலும் அது எஞ்சியிருக்குமென்றும் அவர் ஒரு மாநாட்டிலே விளக்கினார். பின்னர், 2019 நவம்பரில் வெளிவந்த லினக்ஸ் 5.4ஆம் பதிப்பிலே, கணினியின் மேலாளர்கூடக் கேர்னலின் உள்ளே கைவைக்க முடியாதபடி தடுக்கும் பூட்டு முறையொன்று சேர்க்கப்பட்டது. மறுவருடமே, 2020இல், ஜேசன் டோனென்ஃபெல்ட் என்பவர் அப்பூட்டைத் திறக்கும் வழியைக் காட்டினார். திருத்த வேலைகளுக்காகப் புதிய அட்டவணைகளை இடையிலே சேர்ப்பதற்கு விடப்பட்டிருந்த வாயில்களுள் சில பூட்டப்படாதிருந்தன. அவற்றினூடாக ஓர் அட்டவணையை நுழைத்தால், அதிலுள்ள கட்டளை கேர்னலின் நினைவகத்திலே பூட்டு இடப்பட்டுள்ளதென்று குறிக்கும் அந்த எண்ணையே அழித்துவிடும். குறை அறியப்பட்டதும் அவ்வாயில்கள் அடைக்கப்பட்டன.

இந்நிகழ்ச்சியிலே கவனிக்கத்தக்கது யாதெனில், அவ்வட்டவணையின் பெயரெழுத்துச் சரி, நீளம் சரி, கூட்டுத்தொகையும் சரி. பிழையாயிருந்தது ஒன்றே: அதனை எழுதியவர் அதனை எழுத உரிமையுடையவர் அல்லர். கூட்டுத்தொகையைக் கணக்கிடுவதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. பொய்யுறுதி எழுதுபவரும் தாள்களுக்கு ஒழுங்காக இலக்கமிடுவார். தற்செயலாக நேரும் சிதைவைக் கண்டுபிடிப்பது ஒன்று. வஞ்சனையைக் கண்டுபிடிப்பது வேறொன்று. முன்னையதற்கு எண்கணிதம் போதும். பின்னையதற்கு, இதனை எழுதியவர் யார் என்ற வினாவுக்கு விடை வேண்டும்.

அவ்விடையைத் தருவதற்கு இக்காலத்திலே வேறு முறைகள் கையாளப்படுகின்றன. நிலைபொருளின் புதிய பதிப்புகளை ஆக்குநர் இரகசிய எண்ணைக்கொண்டு ஒப்பமிட்டு அனுப்புகின்றனர். எழும்பும்போது கையளிக்கப்படும் பொருள்களின் 256 பிற்றுச் சுருக்க எண்களை, தனியான ஒரு காவற்சில்லு குறித்துவைக்கின்றது. நேற்றிருந்தது இன்றில்லையெனின் அது தெரிந்துவிடும். ஒரு பைற்றுக் கூட்டுத்தொகையை எவரும் பொருத்திவிடலாம். அச்சுருக்க எண்ணை மற்றொரு பத்திரத்துக்குப் பொருந்தச் செய்தல் நடைமுறையிலே இயலாதது. இவையெல்லாம் இருந்தும் கேள்வி ஓய்ந்துவிடவில்லை. வாடகைக்கு விடப்படும் மெய்நிகர்க் கணினிகளிலே அட்டவணைகளை எழுதுவது தாய்ப்பலகையின் ஆக்குநரல்லர். அக்கணினிகளைத் தாங்கிநிற்கும் மென்பொருளே. அம்மென்பொருளையே நம்பாது தம் இரகசியங்களைக் காக்க விரும்புவோர், அது நீட்டும் பத்திரங்களை எவ்வளவு தூரம் ஏற்கலாம் என்ற வினா அங்கே புதிதாகப் பிறந்திருக்கின்றது.

உருவத்தைப் பார்த்தல், பிறசாட்சியோடு ஒப்பிடுதல், பொருளுண்டோவென ஆராய்தல், நேரிற் சென்று தொட்டறிதல், எழுதியவரின் உரிமையை வினாதல் என்னும் இவ்வைந்தும் ஒன்றன் குறையை ஒன்று நிரப்புவன. இவற்றுள் எதுவும் மற்றொன்றின் வேலையைச் செய்துவிடாது. எல்லாவற்றையும் நம்பும் கேர்னல் ஏமாறும். எதனையும் நம்பாத கேர்னல் எழும்பவே மாட்டாது. ஆதலின், ஐயுற்றும் பயன்படுத்தியும், பொறுத்தும் பதிந்துவைத்தும் அது தன் வழியை நடத்துகின்றது. கணினியின் திரையிலே வழக்கமான படம் ஒளிர்ந்து, எழுதுவினைஞர் தம் வேலையைத் தொடங்கும் அவ்வேளையிலே, இந்த வழக்கு விசாரிக்கப்பட்டுத் தீர்ப்பும் எழுதப்பட்டு முடிந்திருக்கும். குறிப்பேட்டைத் திறந்து பார்ப்பவருக்கு அத்தீர்ப்பு வரிவரியாக அங்கே கிடைக்கும்.